ஒன்பது வீட்டு நெங்கா

எங்கள் ஊர் தெகல் பிங்கினில் அதிக வீடு யாருக்கு என்று அரசாங்கக் கணினியைக் கேட்டால், நெங்கா ருந்தியா என்று பதில் வரும். மொத்தம் ஒன்பது வீடு. ஒன்பதிலும் நீச்சல் குளம் உண்டு, இரண்டில் மாடியிலிருந்து கடலும் தெரியும். அந்த நெங்காவை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், காலை ஏழு மணிக்கு அந்த ஒன்பதில் ஏதாவது ஒன்றின் பின்பக்கம் போக வேண்டும். அரைக்கால் சட்டையும் தலையில் சாயம்போன துணியுமாக, நீளக் கம்பு வலையால் குளத்தில் விழுந்த பூக்களை அரித்து எடுத்துக்கொண்டிருப்பார். முன்வாசல் வழியாக அவர் போவதில்லை. குளம் கழுவுகிறவர்களுக்குப் பின்வாசல்தான் வழக்கம்.

வெளிநாட்டார் எங்கள் பாலித் தீவில் முழு உரிமையோடு நிலம் வாங்க முடியாது. அது இந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்று சட்டம் கறாராகச் சொல்லிவிட்டது. சட்டம் சொன்னால் ஆசை அடங்கிவிடுமா என்ன? விமானத்தை விட்டு இறங்கி, மூன்று நாள் வயலையும் கடலையும் பார்த்து, நான்காம் நாள் இளநீர் குடித்துக்கொண்டே இனி இங்கேதான் வாழ்வும் சாவும் என்று முடிவெடுக்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் தேசாக் ராயி அம்மாளின் நோட்டரி அலுவலகம்.

தேசாக் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மூன்று வழி சொல்வார். ஒன்று, குத்தகை. இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு நிலத்தை எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நம் வயது ஒன்று கூட, குத்தகை ஒன்று குறையும். முடிந்த அன்றைக்குக் கட்டிய வீடு, நட்ட தென்னை எல்லாம் நிலத்துக்காரருக்கு. அடுத்தது, கம்பெனி. ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் கட்டட உரிமை வாங்கலாம். அதற்குப் பெரிய முதல் காட்ட வேண்டும், வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஓய்வெடுக்க வந்த மனிதர் காலமெல்லாம் ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, பயன்பாட்டு உரிமை. காகிதம் சொந்தப் பெயரிலேயே இருக்கும், ஆனால் நாட்டில் தங்கும் அனுமதி இருக்கும்வரைதான். அனுமதி போனால் உரிமையும் போய்விடும்.

கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் இதற்குள் தொங்கிப்போயிருக்கும். தேசாக் அம்மாள் கோப்பை மூடுவார். "நாலாவதா ஒரு வழி இருக்கு. அதை நான் உங்களுக்குச் சொல்லல. எதிர்க்க காப்பிக் கடையில நெங்கான்னு ஒருத்தர் உக்காந்திருப்பார். நல்ல மனுஷன். ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க."

நாலாவது வழி என்பது நெங்காவின் பெயர். பணம் வெளிநாட்டாருடையது, முழு உரிமைப் பட்டா நெங்கா பெயரில். கூடவே இன்னொரு காகிதத்தில், இந்த நிலம் என்னுடையதல்ல, பெயர் மட்டும்தான் கொடுத்தேன் என்று நெங்கா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தக் காகிதம் காதும் காதும் வைத்தாற்போல் தேசாக் அம்மாளின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். பெயருக்கு ஒரு தொகை ஒரே தடவையாகக் கிடைக்கும். அதோடு அந்த வீட்டுக் குளத்தைக் கழுவும் வேலையும்.

இதை ஆரம்பித்துவைத்தவர் திபோ என்ற பிரெஞ்சுக்காரர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு நண்பருக்காகக் கட்டிய வீட்டில் நெங்கா கல் சுமந்துகொண்டிருந்தார். கல் என்ன விலை என்று திபோ பொதுவாகக் கேட்க, நெங்கா உண்மையான விலையைச் சொல்லிவிட்டார். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று மாலையே நெங்காவுக்கு வேலை போயிற்று, மறுவாரம் திபோவின் நிலம் வந்து சேர்ந்தது. வேலை போனதற்கும் நிலம் வந்ததற்கும் காரணம் ஒரே குணம்தான் என்று ஊர் அப்போது சிரித்தது.

எங்கள் பக்கம் புதிய நிலத்தில் கடப்பாரை போடுமுன், அந்த மண்ணின் காவல் தெய்வத்துக்கு மூலையில் சின்னக் கோயில் கட்டிப் படையல் போட்டு, யார் இங்கே வாழப்போகிறார் என்று பூசாரி தெய்வத்திடம் சொல்லியாக வேண்டும். ஊர்ச்சபையிலிருந்து நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். திபோ நிலத்தில் அந்தச் சடங்கு நடந்தபோது பூசாரி நெங்காவின் பக்கம் திரும்பி, சொந்தக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். பட்டாவில் இருப்பது நெங்காவின் பெயர். வேறு எவனாக இருந்தாலும் அதைச் சொல்லியிருப்பான். நெங்காவுக்கு அரசாங்கத்திடம் பொய் சொல்வதில் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. அரசாங்கம் என்பது காகிதம். மண்ணைக் காக்கிற தெய்வம் அப்படியல்லவே, அது அந்த மூலையிலேயே இருக்கிறது. நாற்பது பேர் கேட்க, திபோ என்று உரக்கச் சொன்னார். பூசாரிக்கு வாயில் நுழையவில்லை. இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். அதன்பிறகு எட்டு வீடுகளுக்கும் இதேபோல எட்டு வாயில் நுழையாத பெயர்கள்.

பெயர் பரவியது. நெங்கா பெயரில் வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வெளிநாட்டாருக்குள் பேச்சாயிற்று. பக்கத்து ஊரில் பெயர் கொடுத்த ஒருவன், இரண்டாம் வருஷமே வீட்டை வங்கியில் அடகு வைத்துக் கார் வாங்கினான். இன்னொருவன் செத்துப்போக, அவன் மகன்கள் வந்து சீமாட்டி ஒருத்தியின் நாய்களை வெளியே விட்டுப் பூட்டுப் போட்டார்கள். நெங்கா எதுவும் செய்யவில்லை. வரி நோட்டீஸ் ஒன்பதும் அவர் வீட்டுக் கதவிடுக்கில் வரும், அவர் சைக்கிளில் போய் ஒன்பது வீட்டிலும் கொடுத்துவிட்டு வருவார். மாம்பழம் விழுந்தால்கூட எண்ணி வாசலில் வைத்துவிடுவார். ஒன்பது பேரும் தங்கள் ஊர்ச் சட்டத்தை, வக்கீலை, வங்கியை எல்லாம் நம்பாதவர்கள். இவரை நம்பினார்கள்.

அவர் குடியிருப்பது அண்ணன் வீட்டு வளாகத்தின் தெற்கு ஓரத்தில் இரண்டு அறை. பெயருக்கு வந்த பணம் அப்பாவின் தகனச் சடங்கிலும், ஓட்டுக் கூரையிலும், ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலும் போய்விட்டது. அந்த ஒன்பதில் மூன்று வீடுகளின் மூலைக் கோயிலுக்குத் தினமும் தென்னங்குருத்துத் தட்டில் பூ வைப்பது அவர் மனைவி ரஸ்மியின் வேலை. ரஸ்மி வாய் உள்ளவள். அரிசிப் பானை காலியாகும்போதெல்லாம், மொதலாளி இன்னிக்கு எந்த வீட்டுல சாப்பிடப் போறீங்க என்று கேட்பாள். நெங்கா சிரித்துவிட்டு முருங்கைக்கீரை பறிக்கப் போவார்.

அந்தச் சிரிப்பு போன வருஷம்வரை இருந்தது. போன வருஷம் அவர்களுடைய ஒரே மகள் சுமியாசிக்கு, நகரத்து அரசுக் கல்லூரியில் மருத்துவச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. மூன்று வருஷம், ஆறு பருவம். எங்கள் ஊரில் யார் வீட்டுப் பெண்ணும் அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. ஆறு வயதில் பூனைக்குப் பிரசவம் பார்த்தவள் அவள். இடம் கிடைத்த செய்தி வந்த அன்று நெங்கா குளத்து வலையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

அங்கே கட்டணம் எல்லாருக்கும் ஒன்றல்ல. பெற்றோரின் வசதியைப் பார்த்து எட்டுப் படி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் உள்ள பிள்ளை கட்டுவது ஒரு பருவத்துக்கு இரண்டு மூட்டை அரிசி விலை. எட்டாம் படி ஹோட்டல் முதலாளிகளின் பிள்ளைகளுக்கு. குளம் கழுவுகிறவர் மகளுக்கு முதல் படியோ இரண்டாம் படியோ வரும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடிதம் எட்டு என்று வந்தது.

நெங்கா நல்ல சட்டை போட்டுக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா மரியாதையாகத்தான் நடத்தினான். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். ஒன்பது பட்டா, ஒன்பதிலும் அவர் பெயர், பிறந்த தேதி, கைரேகை எண். நெங்கா தன் கைகளை நீட்டிக் காட்டினார். குளோரின் மருந்தில் நகமெல்லாம் வெளுத்து, விரல் வெடித்திருந்தது. குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, உண்மையான பணக்காரர்கள் இப்படித்தான் எளிமையாக இருப்பார்கள் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, கடற்கரைப் பக்கம் தனக்கும் ஒரு சின்ன மனை கிடைத்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். முதல் பருவக் கட்டணத்துக்கு ஆறு வாரம் தவணை கொடுத்தான். அதற்குமேல் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

அங்கிருந்து நேரே தேசாக் அம்மாளிடம் வந்தார். இரும்புப் பெட்டியிலுள்ள காகிதங்களில் ஒன்றே ஒன்றைக் காட்டினால் போதும், நான் ஏழை என்று நிரூபணமாகிவிடும் என்றார். தேசாக் அம்மாள் கதவைச் சாத்தினார்.

"அந்தக் காகிதத்தை வெளிய காட்டினா என்ன ஆகும் தெரியுமா, நெங்கா அண்ணே? அது சட்டப்படி செல்லாத காகிதம். காட்டின அன்னிக்கே நிலத்தை அரசாங்கம் கேக்கும். வெள்ளைக்காரங்களுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. எனக்கு இந்த நாற்காலியும் இல்ல."

பட்டாக்களை வேறு யார் பெயருக்காவது மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டார். மாற்றினால் ஒரே வருஷத்தில் ஒன்பது வீடு விற்ற மனிதர் என்று பதிவாகும், வருமானவரிக்காரர்கள் சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து எட்டிப்பார்ப்பார்கள் என்றார் அம்மாள். கடைசியாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தான் சொன்னதாக இருக்கக்கூடாது என்ற பீடிகையோடு இன்னொன்றும் சொன்னார். நெங்கா அந்தக் காகிதத்தை மறந்துவிட்டு இது என் வீடு என்று ஒரு வார்த்தை சொன்னால், எந்தக் கோர்ட்டும் அவர் பக்கம்தான் சாயும். பட்டா பேசும், மற்றதெல்லாம் வாய்மூடி இருக்கும்.

பதினாறு வருஷத்தில் இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து ரஸ்மியிடம் சொன்னார். ரஸ்மி வாயடைத்துப்போய்ப் பார்த்த சந்தர்ப்பங்கள் குறைவு, அன்று அப்படிப் பார்த்தாள்.

மறுநாள் இருவரும் அந்த ஒன்பதில் ஒன்றான ஓர் இத்தாலிக்காரரின் வீட்டில் இருந்தார்கள். அவர் வருஷத்தில் எட்டு மாதம் ஊரில் இருக்கமாட்டார். ரஸ்மி மூலைக் கோயிலில் பூ வைத்துவிட்டு வந்து, குளத்தங்கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டாள். பதினொரு வருஷமாகப் பார்க்கிற குளம், அதில் கால் நனைப்பது அன்றுதான்.

"சொல்லிப் பாருங்க. வாயில வருதான்னு பார்ப்போம்."

"என்னத்தைச் சொல்றது?"

"இது என் வீடுன்னு."

நெங்கா நாலு பக்கமும் பார்த்தார். வலையைச் சுவரில் சாய்த்தார். பிறகு அவளருகில் உட்கார்ந்து, "இது என் வீடு" என்றார். பொய் சொன்னால் நாக்கு கூசும் என்று எதிர்பார்த்திருந்தார். கூசவில்லை. நன்றாக இருந்தது. வீட்டின் கண்ணாடிக் கதவு, நாற்காலி, பெரிய படுக்கை எல்லாம் சற்றுக் கிட்டே நகர்ந்து வந்ததுபோலிருந்தது. அதுதான் அவரைக் கலக்கிவிட்டது. சட்டென்று எழுந்து வலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மூலையில இருக்கிறதுகிட்ட வேற பேரைச் சொல்லியிருக்கேன், ரஸ்மி."

"பேரைச் சொன்னது ஒரு நாள். தினம் பூ வெக்கிறது யாரு? அந்த ஆளு ஒரு ஊதுவத்தி ஏத்தியிருப்பானா? யார் கையால சாப்பிடுதுன்னு அதுக்குத் தெரியாதா?"

"அதுக்குத் தெரியும். நாப்பது பேருக்குக் காதும் இருந்துச்சே. அன்னிக்கு அவன் பேரைச் சொன்னியே, இன்னிக்கு உன் பேரான்னு கேப்பாங்க. நாளைக்கு நம்ம பாடையைத் தூக்க யாரு வருவா?"

ரஸ்மி காலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள். எங்கள் ஊரில் காவல் தெய்வத்திடம் பேச்சு மாறினவன் வீட்டுச் சாவுக்கு ஊர்ச்சபை வராது. அவளுடைய சொந்த மாமா ஒருவரைப் பிள்ளைகள் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள். அரசாங்கத்தை ஏமாற்ற நாற்பது பேரும் துணை இருப்பார்கள், தெய்வத்தை ஏமாற்ற ஒருவரும் வரமாட்டார்கள். பட்டாவில் பொய்யும் மூலையில் உண்மையுமாகச் சொல்லிவைத்த மனிதர், இரண்டு பக்கமும் தனக்கே வாசலை அடைத்துக்கொண்டிருந்தார். ரஸ்மி காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மிஞ்சியது கேட்டுப் பார்ப்பது ஒன்றுதான். நெங்கா திபோவிடம் போய், மகள் படிப்புக்கு ஒன்பது பேரும் சேர்ந்து ஏதாவது உதவ முடியுமா என்று கையைப் பிசைந்துகொண்டு கேட்டார். திபோ நல்லவர். கண்டிப்பாக யோசிக்கிறேன் என்றார், தோளில் தட்டினார், காப்பி கொடுத்தார். அன்று மாலையே வெளிநாட்டார் தங்களுக்குள் வைத்திருக்கும் போன் குழுவில், நெங்கா ஆரம்பித்துவிட்டார் என்று செய்தி போயிற்றாம். அடுத்த வாரம் ஐந்து வீட்டில் சம்பளம் கொஞ்சம் கூடியது. அதே வாரம் அதே ஐந்து வீட்டில் பின்வாசலுக்கு மேல் கேமரா முளைத்தது. நெங்கா ஒவ்வொரு கேமராவையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆறு வாரத்தில் ஐந்து கழிந்தபோது வந்து சேர்ந்தார் அன்னெலீஸ் அம்மாள். பெல்ஜியத்தில் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு. மற்றவர்களைப்போல இளநீர் மயக்கத்தில் வாங்குகிறவர் அல்ல. மூன்று மாதமாக நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, குத்தகை, கம்பெனி, பயன்பாட்டு உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் நல்லது கெட்டதைப் பென்சிலால் எழுதிவந்தார். நாலாவது கட்டத்தைத் தலைப்பில்லாமல் விட்டிருந்தார். தேசாக் அம்மாள் வழக்கம்போல அவரைக் காப்பிக் கடைக்கு அனுப்பினார்.

நெங்காவுக்கு வேண்டியது அந்தத் தொகைதான். பெயர் கொடுத்தால் கிடைப்பது, எட்டாம் படியில் சரியாக ஒரு பருவத்துக்கு வரும். அவர் அதைச் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார். அன்னெலீஸ் அம்மாள் நோட்டைத் திறந்து மேசையில் வைத்து, இந்த நாலில் எது நல்லது, உங்களுக்குத்தானே தெரியும் என்று கேட்டார். ஒன்பது பேர் அவர் பெயரை வாங்கியிருக்கிறார்கள். அவருடைய அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி அவரை என்னவோ செய்துவிட்டது. தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு பேசினார்.

"குத்தகை எடுங்கம்மா. இருபத்தஞ்சு வருஷம், உங்க வயசுக்கு அதுவே தாராளம். என்னை நம்பாதீங்க."

"ஏன்?"

"போன மாசம் ஒரு வீட்டுல உக்காந்து, இது என்னோடதுன்னு சொல்லிப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. இன்னொரு நாள் சத்தமா சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. பொண்ணுக்காக மனுஷன் என்ன வேணா செய்வான்."

அன்னெலீஸ் அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். நெங்காவுக்கு நெஞ்சு லேசானது. மகளின் இடம் போயிற்றே என்ற துக்கம் அடுத்த நிமிஷமே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை தேசாக் அம்மாளிடமிருந்து ஆள் வந்தது. அன்னெலீஸ் அம்மாள் முடிவெடுத்துவிட்டாராம். மூன்று கட்டங்களையும் குறுக்கே அடித்து, தலைப்பில்லாத நாலாவது கட்டத்தில் நெங்கா ருந்தியா என்று பேனாவால் எழுதியிருந்தார். தன்னை நம்பாதே என்று முகத்துக்கு நேரே சொல்லும் மனிதரைவிட நம்பத் தகுந்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். தேசாக் அம்மாளே அசந்துபோயிருந்தார். "என்ன மாயம் பண்ணீங்க அண்ணே, அந்த அம்மா நேத்து வரைக்கும் குத்தகைப் பக்கம்தான் சாஞ்சிருந்தாங்க" என்றார்.

வேண்டாம் என்று நெங்கா சொல்லியிருக்கலாம். கல்லூரியில் வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்துப் போட்டார். இது என்னுடையது என்று ஒன்று, இது என்னுடையதல்ல என்று ஒன்று. பேனா இரண்டுக்கும் ஒரேமாதிரிதான் எழுதியது.

கல்லூரியில் அதே குமாஸ்தா பணத்தை வாங்கிக்கொண்டு, திரையைப் பார்த்து, பத்தாகிவிட்டதே என்று வாழ்த்தினான். எட்டுக்கு மேலே படி கிடையாது, அதனால் கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதலும் சொன்னான். திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த சுமியாசி விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

"அப்பா, இன்னும் அஞ்சு பருவம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வீடுன்னா, நான் மருத்துவச்சி ஆகறப்போ நீங்க பதினஞ்சு வீட்டுக்காரர்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நெங்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணில் தூசி என்று சொல்லிக் கொஞ்ச நேரம் நின்றார். பத்து வீடு இருக்கிறவரை படி இறங்காது. படி இறங்காதவரை பதினோராவது வீடு வேண்டும். மகள் சிரிப்பாகச் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

சுமியாசி நன்றாகப் படித்தாள். முதல் பருவத்தில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள். விடுமுறைக்கு வந்தபோது அண்ணன் வீட்டு மருமகளின் வயிற்றில் கைவைத்துப் பார்த்து, குழந்தை தலை திரும்பிவிட்டது என்று சொன்னாள். சொன்ன பத்தாம் நாள் சுகப்பிரசவம். ரஸ்மி அதற்குப் பிறகு மொதலாளி என்று கேலி பேசுவதை விட்டுவிட்டாள். அரிசிப் பானையைப் பற்றியும் பேச்சில்லை. இரண்டாம் பருவத்துக்கு எப்போது கட்ட வேண்டும் என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.

அந்த மாதம்தான் ஓத்மர் என்பவர் வந்தார். ஆஸ்திரியாவில் பல் டாக்டர். வக்கீல் வைத்துப் பேசி, கம்பெனி வழிதான் பாதுகாப்பு என்று ஏறக்குறைய தீர்மானித்துவிட்டவர். இருந்தாலும் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாமே என்று தேசாக் அம்மாள் அனுப்பிவைத்தார். ஓத்மர் வந்து உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், உங்கள் பெயரில் வாங்குவது பத்திரமானதா என்று கேட்டார்.

நெங்கா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பத்திரமானது என்று சொன்னால் இவர் நம்பமாட்டார், எழுந்து போய்விடுவார், இதுவரை வந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள். காப்பித் தூள் அடியில் தங்கட்டும் என்று கோப்பையை ஒருமுறை சுற்றி வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "குத்தகை எடுங்க ஐயா. என்னை நம்பாதீங்க" என்றார்.

ஓத்மர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஏன் என்று கேட்டார்.

"போன மாசம் ஒரு வீட்டுல உக்காந்து, இது என்னோடதுன்னு சொல்லிப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார் நெங்கா. அது நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. போன மாதம் என்றால்தான் கேட்கிறவருக்கு உறைக்கும் என்று அவருக்குத் தோன்றியது. நல்லா இருந்துச்சு என்பதையும், பயமா இருக்கு என்பதையும், பொண்ணு இருக்கா என்பதையும் அன்னெலீஸ் அம்மாளிடம் நிறுத்தின அதே இடங்களில் நிறுத்திச் சொன்னார். சொல்லி முடித்ததும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மனிதர் தன்னை நம்பும்வரை காத்திருந்தார்.